பங்களா வாத்தின் பிள்ளை

ஓர் இறகை உறையில் போட்டு அனுப்பினால் போதுமாம், அந்தப் பறவையின் தாய் எது, தகப்பன் எது என்று மெஷின் சொல்லிவிடுமாம். கால்நடை அலுவலகத்தில் இப்போது வேலை பார்க்கிற பிள்ளைகள் சிலர், பெருநாளுக்கு என் வீட்டுக்கு வந்த இடத்தில் இதைச் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷம்தான். அதோடு விட்டிருந்தால் வட்டிலப்பத்தில் இன்னொரு துண்டு வெட்டிக் கொடுத்துவிட்டு நானும் சும்மா இருந்திருப்பேன். ஆனால் அவர்களில் மகள் வயதுப் பெண் ஒருத்தி, மிகவும் மரியாதையாகத்தான், கேட்டாள்: "அங்கிள், அந்தக் காலத்துல நீங்க கோட்டுல சாட்சிக் கூண்டுல ஏறி ஒரு வாத்தோட தாய் தகப்பனைக் கண்ணால பாத்தே சொன்னீங்களாமே. அது பிழையா இருந்திருந்தா?"

பிழையில்லை. அன்றைக்குக் கூண்டில் நின்று சொன்னதை இன்றைக்கு வட்டிலப்பத்தை முன்னால் வைத்துக்கொண்டு மாற்றுகிற ஆள் நான் இல்லை. அந்த வாத்தின் தகப்பன், தேயிலைத் தோட்டத்துத் துரை இறக்கையில் சுட்டு உயிரோடு கொண்டுவந்த காட்டு வாத்து. தாய் துரை பங்களாவின் நெற்றிப் புடைப்பு வாத்து. இதைச் சொன்னதற்காக எனக்கு நடந்ததெல்லாம் நடந்தது. இன்னொரு தடவை கேட்டாலும் இதையேதான் சொல்வேன். எப்படித் தெரியும் என்பதை மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், அந்த மகளுக்காக.

முதலில் ஒன்று. நான் வாத்து என்று எழுதுவது கழுத்து நீண்ட பெரிய சாதியை. சின்னதை எங்கள் கடைவீதியில் தாரா என்போம். பண்டாரவளையில் எங்கள் வாப்பாவின் சில்லறைக் கடைக்குப் பின்னால் மாமா வெள்ளை வாத்துகள் வளர்த்தார். காவலுக்கு நாயை விட அவைதான் நல்லவை என்பது அவர் கட்சி. கள்ளன் வந்தானோ இல்லையோ, மூட்டை எடுக்கப் போன என்னை அவை கொத்தாத நாள் குறைவு. வாத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, கெண்டைக்காலில் வாங்கிய படிப்பு.

மிச்சப் பாதியைப் பதுளையில் கால்நடை டொக்டரிடம் கற்றேன். அறுபதுகளின் நடுவில் பயிற்சி முடித்து, கால்நடை உதவியாளனாக அவருக்குக் கீழே வந்து சேர்ந்தேன். ஊசி போடுவது, கன்று இழுப்பது, கோழிகளுக்குச் சொட்டு மருந்து விடுவது எல்லாம் எல்லா உதவியாளர்களும் செய்கிற வேலைதான். அவற்றைச் சொல்லி நேரத்தை வீணாக்கப் போவதில்லை.

டொக்டர் யாழ்ப்பாணத்தவர். மாட்டுக் கொட்டிலுக்குள்ளும் டை கட்டித்தான் வருவார். உள்ளே நுழையும்போது டையின் நுனியை இரண்டு பொத்தான்களுக்கு நடுவே செருகிக்கொள்வார். கை கழுவினால் ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. பிழை விட்டால், "பாப்பம், திரும்பச் செய்" என்பார். அவ்வளவுதான். அந்தப் "பாப்பம்" எனக்கு அடியை விட வலிக்கும்.

பிராணியைப் பார்க்க அவர் வைத்திருந்த ஒழுங்கு இது. முதலில் கால். பிறகு வாய் அல்லது அலகு. பிறகு கழுத்து, முதுகு, வால். நிறம் கடைசியில். வெலிமடைப் பக்கம் ஒரு முதலாளி, சிவப்புப் பசுவொன்றைச் சுத்தமான சிந்தி இனம் என்று சொல்லி அரசாங்கக் கடனுக்குக் கொண்டுவந்தார். டொக்டர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார்.

"குளம்பைத் தொடு. இப்ப தாடையைத் தொடு. இப்ப சொல்லு, இது என்ன மாடு?"

"நாட்டு மாடு சேர்."

"கண்ணைத் திறந்து பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பாய்?"

"சிந்தின்னு சொல்லியிருப்பன் சேர்."

"அதுதான். நிறம் பொய் சொல்லும். நிறத்தைக் கடைசியாக் கேள்."

இப்படிப்பட்ட மனிதர்தான். ஆனால் ஒரு தோட்டத்துப் பங்களா வாசலில் ஜீப் நின்றதும் அவர் குரல் ஒரு படி இறங்கிவிடும். துரைமார் கிளப்புக்குக் கூப்பிடுவார்கள், பக்கத்தில் உட்கார வைப்பார்கள். அது அவருக்குப் பிடிக்கும். ஆளுக்கு ஒரு பலவீனம் இருக்கத்தான் செய்கிறது. அது இன்னொருவர் வயிற்றில் அடிக்காதவரை எனக்கு வழக்கில்லை.

அடித்தது. பூனாகலைக்குப் போகிற பாதையில் ஒரு தோட்டம். பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். வெள்ளைக்காரத் துரை கப்பல் ஏறி, கொழும்பில் படித்த நம் நாட்டுத் துரை வந்திருந்த காலம். இவர் வெள்ளைக்காரனை விடப் பெரிய வெள்ளைக்காரன். பங்களா புல்வெளியில் ஒரு சோடி வாத்து வைத்திருந்தார், சீனத்துச் சாதி. பழுப்பு நிறம், நிமிர்ந்த நடை, அலகு தொடங்குகிற இடத்தில் நெற்றியில் உருண்டையாக ஒரு புடைப்பு. ஊவா மாகாணத்தில் வேறு யாரிடமும் அந்தச் சாதி இல்லை என்று அவரே மார்தட்டிச் சொல்வார். ஆண் வாத்து செத்துப்போனபின், அம்பாந்தோட்டைப் பக்கம் வேட்டைக்குப் போன இடத்தில் ஒரு காட்டு வாத்தின் இறக்கையில் சுட்டு, உயிரோடு சாக்கில் போட்டுக் கொண்டுவந்தார். சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, பின்தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. இமயமலைக்கு அப்பாலிருந்து வருகிற பறவை, இலங்கைக்கு வழிதவறித்தான் வரும் என்று டொக்டர் தன் பறவைப் புத்தகத்தைத் திறந்து படத்தைக் காட்டினார். அந்த முறிந்த இறக்கைக்கு மருந்து போட்டவன் நான். அது என் விரலைக் கடித்த வடு இன்னும் இருக்கிறது.

இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டவர் அந்தோனியம்மா. புருஷனை இழந்தவர், இரண்டு பெண்பிள்ளைகள், கீழ் லயத்து வீட்டு வரிசையில் ஒரே அறையான காம்பரா. காலையில் வாத்துகளைத் திறந்துவிட்டு, மாலையில் "ப்பா... ப்பா... ப்பா..." என்று கூப்பிட்டு அடைப்பது அவர் வேலை. ஒரு கிறிஸ்மஸுக்கு முந்திய வாரம், கூப்பிட்டபோது வாத்துகள் வரவில்லை. இரண்டும் இல்லை.

கிறிஸ்மஸ் முடிந்ததும் துரையின் ஆட்கள் லயத்துப் பின்னாலிருந்த சாம்பல் குழியைக் கிளறினார்கள். எலும்பு கிடைத்தது. கிடைக்காமல் என்ன செய்யும்? பாலன் பிறப்புக்கு லயத்தில் ஆள் சேர்ந்து தாரா வாங்கி வெட்டியிருந்தார்கள். துரை பொலிஸுக்குச் சொன்னார். பொலிஸ் டொக்டரைக் கேட்டது. டொக்டர் ஜீப்பில் உட்கார்ந்தபடியே, சாக்குத் துண்டில் ஏந்திக் காட்டிய எலும்பை ஒரு பார்வை பார்த்து, "வாத்துதான்" என்றார். காலில் தொடங்கு என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அன்றைக்குத் தன் காலைக் கூடத் தரையில் வைக்கவில்லை. நான் பின் இருக்கையில் இருந்தேன். "சேர், ஒருக்கா எறங்கிப் பாப்போமா?" என்று கேட்டேன். "தேவையில்லை" என்றார்.

அந்தோனியம்மாவின் பெயர் தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் இருந்து வெட்டப்பட்டது. வழக்கு முடியும்வரை காம்பராவில் இருக்கலாம், தீர்ப்பு எதிராக வந்தால் அதுவும் போகும். அதைவிடப் பெரியது ஒன்று. அந்தக் காலத்தில் தோட்டத்துச் சனம் முழுக்கப் பிரசாவுரிமைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தது. இலங்கையா இந்தியாவா என்று ஒவ்வொரு குடும்பமும் தவித்த நேரம். களவு வழக்கில் தண்டனை என்றால் மனு தள்ளுபடி, இந்தியாவுக்குக் கப்பல்தான் என்று லயத்தில் எல்லோரும் நம்பினார்கள்.

அவர் என்னிடம் ஒரு தடவைதான் பேசினார், மாட்டுக் கொட்டில் பக்கம் வைத்து. அழவில்லை, கோபமாகத்தான் பேசினார்.

"நான் எடுக்கலைங்க ஐயா. எனக்கு எதுக்குங்க அது? நாளு முழுக்க என்னையக் கடிச்ச வாத்து. நான் பொறந்தது இங்க, எம்புள்ளைங்க பொறந்தது இங்க. ஒரு வாத்துக்காக என்னையக் கப்பல்ல ஏத்துவாங்களா?"

வழக்கு பண்டாரவளை நீதிமன்றத்தில் தவணை மேல் தவணையாக இழுத்தது. அந்த இழுவைதான் கடைசியில் அவரைக் காப்பாற்றியது.

அடுத்த வருடம் மழை பிடிப்பதற்கு முன், துரை டொக்டருக்கு ஆள் அனுப்பினார். தோட்டத்துக்குக் கீழே, புல்மலைச் சரிவும் தாண்டி, ஒரு பழைய அணை உண்டு. முந்திய காலத்தில் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரின் சக்கரத்தைச் சுற்றக் கட்டியது, பிறகு கைவிட்டது. நாணலும் சேறுமாகக் கிடக்கும். அங்கே ஒரு புதுப் பறவை வந்திருக்கிறது, இதுவரை இலங்கையில் எவரும் பார்க்காத சாதி, கிளப்பில் சொல்லியாகிவிட்டது, கொழும்பிலிருந்து ஆட்கள் பார்க்க வரப்போகிறார்கள் என்று துரை துள்ளிக்கொண்டிருந்தார். தொலைநோக்கியை முதலில் அவர் பார்த்தார், பிறகு டொக்டர். கடைசியில் போனால் போகிறது என்று என்னிடம் தந்தார்கள்.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. புதுச் சாதியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. சாம்பலும் பழுப்பும் கலந்த உடம்பு. தலையில் கறுப்புப் பட்டை ஒன்று சரியாக இருந்தது, இரண்டாவது பாதியில் கலைந்து போயிருந்தது. நான் விரலைக் கொடுத்த காட்டு வாத்தின் தலையை எனக்குத் தெரியாதா?

டொக்டரும் அதைக் கண்டுகொண்டார். அவர் கண் பழுதில்லை. துரை கொஞ்சம் தள்ளிப் போனதும் மெதுவாகச் சொன்னார்: "இது கலப்பு. தகப்பன் அந்தப் பட்டைத் தலையன். அது எங்கயோ கொஞ்ச நாள் தப்பித் திரிஞ்சிருக்கு. தாய் உங்கட பண்டாரவளைக் கடைவீதி வெள்ளை வாத்தா இருக்கும்."

"துரையிட வாத்தா இருக்கக் கூடாதா சேர்?"

"நெத்தியில புடைப்பு இல்லையே" என்று தொலைநோக்கியை வாங்கி உறையில் போட்டு மூடினார்.

உண்மைதான், புடைப்பு இல்லை. எனக்கு எதிராக இருந்த ஒரே சாட்சி அதுதான். ஆனால் அந்தப் புடைப்பு குஞ்சிலேயே வருவதல்ல, வயதாக வயதாகத்தான் தெரியும். இது குஞ்சுப் பருவம் தாண்டி அதிக நாளாகாத பறவை என்றால், அதைத் தேடுவதே வீண். புடைப்பு வளரட்டும் என்று காத்திருக்கலாம். வழக்கு காத்திருக்குமா? ஆகவே மற்றதையெல்லாம் பார்த்தாக வேண்டும், அதுவும் கிட்டத்தில்.

வேட்டைக்காரனால் ஆகாத வேலை இது, பறவை உயிரோடு வேண்டும். வலை போட்டால் மிரண்டு அணையை விட்டே போய்விடும். நான் அந்தோனியம்மாவிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன். ஊறவைத்த நெல்லை மடியில் கட்டிக்கொண்டு என்னோடு அணைக்கு வந்தார். லீவு நாட்களில் எல்லாம் போனோம். அவர் கரையில் நெல்லைத் தூவி, "ப்பா... ப்பா... ப்பா..." என்று கூப்பிடுவார், நான் நாணலுக்குள் சேற்றில் குந்தியிருப்பேன். முதலில் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு அவர் போனபின் வந்து நெல்லைத் தின்றது. பிறகு அவர் நிற்கும்போதே வந்தது. கடைசியில் அவர் குரல் கேட்டால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"தாயி மாதிரியே கோவக்காரிங்க ஐயா" என்றார் ஒருநாள். "ஆனா இது கடிக்கல."

டொக்டரின் ஒழுங்குப்படியே பார்த்தேன். கால் நீண்டிருந்தது, வயிறு ஏறிக்கட்டியிருந்தது. கடைவீதி வெள்ளை வாத்துகளுக்கு வயிறு தொங்கித் தரையைத் தொடும். அலகில் மஞ்சளோடு கறுப்பு ஏறியிருந்தது, அடியிலிருந்து பாதி வரை. வெள்ளை வாத்தின் அலகில் கறுப்பே கிடையாது, பட்டைத் தலையனுக்கு நுனியில் மட்டும். பங்களா வாத்துக்கு அலகு முழுக்கக் கறுப்பு. அலகைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது, அது பங்களா வாத்துக்கும் உண்டு.

கழுத்துதான் முடிவைச் சொன்னது. வெள்ளை வாத்தின் கழுத்து இறகுகள் ஏர் உழுத சால் போல வரிவரியாக நிற்கும். பட்டைத் தலையனின் கழுத்தும் அப்படித்தான். புடைப்பு வாத்துக்கு மட்டும் எண்ணெய் வைத்து வாரிவிட்ட மாதிரி வழுவழுப்பு. தாய்க்கும் வரி, தகப்பனுக்கும் வரி என்றால் பிள்ளைக்கு வரி ஆழமாக இருக்க வேண்டும். இதன் கழுத்தில் வரி இருந்தும் இல்லாமலும், பக்கவாட்டில் மட்டும் நிழல் போலத் தெரிந்தது. ஒருநாள் அது உதிர்த்த வால் இறகொன்று கரையில் கிடைத்தது. நுனி கூராக முடியவில்லை, நடுவில் வெட்டுப்பட்டிருந்தது. குஞ்சுப் பருவத்து மென்மயிர் நுனியிலிருந்து உடைந்து விழுந்த அடையாளம். முதல் இறகு முழுதாக உதிர்ந்து மாறுவதற்குள்தான் அப்படி இருக்கும். ஆக, இது ஒரு வயதும் நிரம்பாத பறவை. அந்தோனியம்மா திருடித் தின்றதாகச் சொல்லப்பட்ட அந்தக் கிறிஸ்மஸுக்குப் பிறகு பிறந்த பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். தின்ற வாத்து முட்டை போடுமா?

ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. தாய் ஓடிப்போகுமுன் பங்களாவிலேயே முட்டை பொரித்து, அந்தக் குஞ்சு தப்பிப் போனது என்று எவனாவது கிளப்பினால்? அதையும் துரையின் மனைவி, துரைசாணி, தீர்த்துவைத்தார். அவரது நாய்க்கு ஊசி போடப் போயிருந்தோம். டொக்டருக்கு வராந்தாவில் நாற்காலியும் தேநீரும், எனக்குப் படிக்கட்டு. துரைசாணி கேக் வைத்துக்கொண்டே, அந்த வாத்து போனதிலிருந்து கேக் சரியாக வரவில்லை, வாத்து முட்டை போட்டுச் செய்த கேக் தனி ருசி என்று குறைப்பட்டார்.

"ஒரு முட்டை கூடக் குஞ்சு பொரிக்க விடலியா லேடி?" என்று படிக்கட்டிலிருந்து கேட்டேன்.

"சீ, என்ன பேச்சு? அந்த வாத்து வந்த நாளிலிருந்து ஒரு முட்டை விட்டதில்ல. ஒவ்வொரு காலையும் நானே போய் எடுக்குறது" என்றார் பெருமையாக.

பங்களாக்களில் அதுதான் வழக்கம். காலைக்குக் காலை சூடு ஆறாத முட்டையை எடுத்துவிடுவார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டு, எந்த வாத்தும் ஒருநாள் மறைவிடம் தேடிப் போகத்தான் செய்யும். எங்கள் மாமாவின் வெள்ளை வாத்துகளும் இதையே செய்து கடைக்குப் பின்னால் விறகுக் குவியலுக்குள் அடைகாத்தன. பங்களா வாத்து தன் முடவன் புருஷனையும் கூட்டிக்கொண்டு ஓடை வழியே நடந்து கீழே இறங்கியிருக்கிறது. அதைக் களவெடுத்தவர் எவரும் இல்லை. அதன் முட்டைகளைக் களவெடுத்தவர் வராந்தாவில் கேக் பரிமாறிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது ஜீப்பில் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி டையில் துடைத்தார். பிறகு சொன்னார்: "மஜீத், நான் ஏற்கனவே வாத்து எலும்பு எண்டு சொல்லிப்போட்டன்."

"தெரியும் சேர்."

"உனக்குப் பெஞ்சாதி பிள்ளை இருக்கு. கோட்டில ஆரும் கேட்டா, தெரியாது எண்டு சொல்லு. தெரியாது எண்டு சொல்லுறது பொய் இல்லை."

"தெரிஞ்சதத் தெரியாதுண்டு சொன்னா அது பொய்தானே சேர்?"

"பாப்பம்" என்றார். அன்றைக்கு அந்தச் சொல் எனக்கு வலிக்கவில்லை. எரிச்சல்தான் வந்தது.

அரசாங்க ஊழியன் தானாகப் போய்ச் சாட்சி சொல்ல முடியாது. சம்மன் வர வேண்டும். சம்மன் வந்தது. "நான் என்ன சேர் செய்ய, கூப்பிட்டா போகத்தானே வேணும்" என்று டொக்டர் முன்னால் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டேன். தொழிற்சங்கத்தின் வக்கீலான பிரக்கிராசியார் வீட்டுக்குப் போய், எனக்குச் சம்மன் அனுப்புங்கள் என்று சொன்னவனே நான்தான்.

நீதிமன்றத்தில் முதலில் டொக்டர் ஏறி, எலும்பு வாத்தினுடையது என்றார். அடுத்துத் துரை. எங்கள் பிரக்கிராசியார் நான் சொல்லிவைத்த கேள்வியைக் கேட்டார்: பங்களாவில் எப்போதாவது குஞ்சு பொரித்ததுண்டா? முட்டைக்கெல்லாம் அவ்வளவு கவனமான வீடு என்று காட்டுகிற ஆசையில் துரை நெஞ்சை நிமிர்த்தி, ஒன்று கூட இல்லை, என் மனைவி ஒரு முட்டையும் விட்டதில்லை என்றார். பிறகு என்னை ஏற்றினார்கள்.

துரைக்காக வந்த பிரக்கிராசியார் என்னைக் கிண்டலாகத்தான் பிடித்தார்.

"காணாமல் போன பிறகு தாய் வாத்தைக் கண்டீரா?"

"இல்லை."

"தகப்பனை?"

"அதையும் இல்லை."

"அந்தப் பறவையைப் பிடித்துக் கையில் எடுத்தாவது பார்த்தீரா?"

"இல்லை."

"பிறகு எப்படிச் சொல்கிறீர்?"

"உங்க மகன் ரோட்டுல போனா யாரு மகன்னு சொல்லுவன் ஐயா. அதுக்கு அவரைப் பிடிச்சுக் கட்டிப்போட வேண்டியதில்லை."

பின் வாங்குகளில் உட்கார்ந்திருந்தவர்களிடம் சிரிப்பு எழுந்தது. நீதவான் அதட்டி அடக்கிவிட்டு, விளக்கமாகச் சொல்லச் சொன்னார். காலில் தொடங்கினேன். அலகு, கழுத்து, வால், நிறம் கடைசியில். சொல்லி முடித்ததும், இந்த ஒழுங்கை எனக்குப் பழக்கியவர் இங்கே இருக்கிற டொக்டர்தான், இந்த மாவட்டத்தில் இதைவிட நல்ல ஒழுங்கு கிடையாது என்றும் சொன்னேன். குத்திக்காட்டவும்தான் சொன்னேன், உண்மை என்பதாலும் சொன்னேன். டொக்டர் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார், கையில் ஈரமே இல்லாமல். நீதவான் வால் இறகை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நுனியிலிருந்த வெட்டை நெடுநேரம் பார்த்தார். அந்தோனியம்மா விடுதலையானார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் துரைக்கு மூளை இருந்தது. நீதிமன்ற வராந்தாவில் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"ஏய், தாய் நம்ம வாத்துதானே? நீதானே சொன்னது?"

"ஆமா துரை."

"அப்ப பிள்ளையும் நம்மது. பிடிச்சுக் கொண்டு வா. இறக்கையை வெட்டிப் புல்வெளியில விடணும்."

டொக்டர் பக்கத்தில் நின்றார். "செய்யலாம்" என்றார். என்னைக் கேட்காமலே சொன்னார்.

அடுத்த வாரம் அணையில் பெரிய கூட்டம். துரை, தொப்பி, துப்பாக்கி, வலை பிடிக்க லயத்து ஆண்கள், மேட்டில் ஜீப்பும் டொக்டரும். அந்தோனியம்மாவையும் கூட்டிவந்திருந்தார்கள். அவர் கூப்பிட்டால் பறவை வரும் என்பதை நானே நீதிமன்றத்தில் சொல்லியிருந்தேனே. பெயர் மறுபடி செக்ரோலில் ஏறியிருந்தது, பங்களாவில் பழைய வேலையும் தருவதாகத் துரை சொல்லியிருந்தார். மடியில் நெல் கட்டியிருந்தார். பறவை நடுத் தண்ணீரில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கூப்பிடு" என்றார் துரை.

அவர் நெல் கட்டிய மடியைக் கையால் மூடிக்கொண்டார்.

"அந்தோனியம்மா! கூப்பிடச் சொன்னது!"

அவர் மடியை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினார். ஒரு மணி நெல் கீழே விழவில்லை.

"தொண்ட கட்டிப்போச்சுங்க துரை" என்றார். அக்கரை நாணல் வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

வலை பிடித்திருந்த ஆண்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவன் இருமினான். துரையின் முகம் சிவந்து என் பக்கம் திரும்பியது. "நீ பிடி! அது உன்கிட்டயும் வரும்தானே?"

மேட்டிலிருந்து டொக்டர் இறங்கி வந்தார், டையைச் செருகியபடி. என் காதருகில் மெதுவாகச் சொன்னார்: "முடியாது எண்டு சொல்லு மஜீத். அதோட போகட்டும்."

அவர் எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார், அது எனக்குத் தெரியும். ஆனால் எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. முட்டையை எடுத்தீர்கள், அது ஓடியதற்கு ஒரு பெண்ணைக் கள்ளி என்றீர்கள், இப்போது அந்தப் பெண்ணின் குரலை வைத்தே அதன் பிள்ளைக்கு வலை விரிக்கிறீர்கள். தாய்க்கும் தகப்பனுக்கும் பறக்க முடியவில்லை. இது ஒன்றாவது பறக்கிறதே!

"முடியும் சேர்" என்றேன், துரைக்கும் கேட்கட்டும் என்று உரக்க. "மாட்டேன்."

துரை ஆத்திரத்தில் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்தார். அவருடைய வாத்து, அவருடைய வெடியில் எழும்பி, புல்மலையைத் தாண்டி அப்புத்தளைப் பக்கம் போய் மறைந்தது.

என்னைச் சியம்பலாண்டுவைக்கு மாற்றினார்கள். மலேரியாவும் எருமையும் உள்ள ஊர். உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் டொக்டர். போகும் நாளில் கை கொடுத்தார், விரல்கள் குளிர்ந்திருந்தன. "உன்ர கழுத்துக் கணக்குச் சரி" என்றார். இதை நீதிமன்றத்தில் சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டேன். அதற்கு அவரிடம் "பாப்பம்" கூட இல்லை.

அவர் இறந்து வெகுகாலமாகிறது. அவருடைய ஒழுங்கை நான் கடைசி நாள் வரை விடவில்லை. மாற்றத்தை எதிர்த்து மேல்முறையீடு செய் என்று பலர் சொன்னார்கள், மன்னிப்புக் கேட்டு எழுது என்றும் சொன்னார்கள். எதற்கு? எருமைக்கும் ஊசி போட ஆள் வேண்டும்தானே.

பிறகொரு லீவில் வந்தபோது பண்டாரவளை பஸ் நிலையத்தில் அந்தோனியம்மாவைப் பார்த்தேன். பங்களா வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். பிரசாவுரிமைப் பத்திரம் வந்துவிட்டது என்றார். மூத்த மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். அதையெல்லாம் சொல்லிவிட்டுக் கிட்டே வந்து, யாரும் கேட்டுவிடாமல் சிரித்துக்கொண்டு சொன்னார்:

"அது திரும்ப வந்திருச்சுங்க ஐயா, அணைக்கு. நெத்தியில நல்லாப் பொடைச்சிருக்குங்க, தாயிக்கு இருந்த மாதிரியே."

அந்த மெஷினைப் பற்றிப் பேசுகிற மகளே, எனக்கான பதில் அன்றைக்கே வந்துவிட்டது. ஆனால் எனக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது.

"துரை பாத்தாரா?"

"தினமும் வந்து பாக்குறாருங்க. பாத்து என்ன பண்ண? கூப்பிடத் தெரியாதே."